குளிசைப் போத்தலுக்குள் மடு மண்

சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் முதலில் தங்கள் பாவத்தைச் சொல்லுவார்கள். என்னுடையது பாவம் என்கிற அளவுக்குப் பெரியதில்லை. சுத்த மடைத்தனம். கதவு நிலையை மயிரிழை பிசகாமல் நேராக நிறுத்தத் தெரிந்த தச்சன் நான். சூசையப்பருடைய தொழில், பெயரும் சூசை. அப்படிப்பட்டவன் இரண்டு விதமான மருந்துக் குளிசைகளை ஒரே ஜாம் போத்தலுக்குள் கொட்டி, அதற்குள் ஒரு பிடி மண்ணையும் போட்டுக் குலுக்கி, காலைக்கு இரண்டாக விழுங்கினேன். பிறகு உடம்பெல்லாம் ஆடத் தொடங்கியபோது, "ஆண்டவரே, இந்தச் சோதனை எனக்கு ஏன்?" என்று கேட்டேன். பதில் சொல்லுமுன் அவரே ஒருக்கால் திரும்பிப் பார்த்திருப்பார், "இவனுக்கு மண்டைக்குள் எதை வைத்து அனுப்பினேன்?" என்று.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன். அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் ஒழுங்காக விளங்கவில்லை. அதனால் அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மன்னார்த் தீவுக்காரர். சண்டைக்குள் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய், தமிழ்நாட்டு முகாமில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். சண்டை முடிந்து மூன்றாம் வருஷம் திரும்பி வந்தோம். திரும்பத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். என் மனிசி திரேசாவுக்கு விருப்பமில்லை. அவளுடைய அக்கா குடும்பம் முழுக்க அங்கே. மகள் ஜெனிற்றா அங்கேயே பிறந்தவள். பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான்.

"ஒரு வருஷம் பாப்பம். சரிவராட்டித் திரும்பிப் போறம். சத்தியம் பண்ணுங்கோ" என்றாள் திரேசா. செபமாலையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினேன். ஒரு வருஷத்துக்குள் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

வந்தது.

எனக்குக் கழுத்துச் சுரப்பி வேலை குறைவு, தைரொயிட் என்பார்கள். முகாமில் இருந்தபோது பிடிபட்டது. அதற்கு முன் இரண்டு வருஷமாக நான் சாப்பிட்டவுடன் நித்திரை, எழும்பினவுடன் நித்திரை. திரேசா சோம்பல் என்று பேசினாள். நானும் அது என் சுபாவம் என்றுதான் நினைத்திருந்தேன். இரத்தம் சோதித்த டொக்டர் நூறு என்ற அளவுக் குளிசை எழுதித் தந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாகும்வரை. அதோடு மனிசனானேன்.

திரும்பி வரும்போது அந்தக் குளிசையில் நாலைந்து போத்தல் கட்டிக்கொண்டு வந்தேன். எல்லாரும் சட்டியும் பானையும் கட்ட, நான் குளிசை கட்டினேன். ஆனாலும் அது ஒரு நாள் முடியும்தானே. அதனால் இங்கே வந்ததும் ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிந்தேன். அங்கே இருந்த குளிசை ஐம்பது. "இது ஐம்பது. காலமை ரெண்டு போடுங்கோ, உங்கட பழைய ஒண்டுக்குச் சமன். பழசையும் புதுசையும் கலக்காதேங்கோ. மருந்து மாறினா உடம்பு கொஞ்சம் வித்தியாசம் காட்டும், ஆறு கிழமையில இரத்தம் சோதிக்க வாங்கோ" என்று அங்கே மருந்து கொடுக்கிற இளம் பிள்ளை தெளிவாகச் சொன்னது. மருந்து உறையிலும் எழுதித் தந்தது. ஆகவே அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. நான் தலையைத் தலையை ஆட்டினேன். ஊசி என்றால் எனக்குப் பயம் என்பதால், "ஆறு கிழமை" என்ற அந்த ஒன்றரை மாதத் தவணையை வாசலிலேயே மறந்தேன்.

பிறகு ஆவணியில் மடு மாதா கோயில் திருநாள் வந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! திரேசா என் மருந்தை மாதாவிடம் கொண்டுபோய் ஆசீர்வதிப்பதாக நேர்ந்திருந்தாள். அத்தனை போத்தலையும் உறையையும் கையில் பிடித்துக்கொண்டு பாதருக்கு முன்னால் நின்றால் மருந்துக்கடை மாதிரி இருக்குமே என்று எனக்கு வெட்கம். எல்லாவற்றையும் ஒரு ஜாம் போத்தலுக்குள் கொட்டினேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் சின்ன வட்டம். ஒன்றுக்குள் ஒன்று அமைதியாகக் கலந்தன.

பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். மூடியோடு பிடித்தால் ஆசீர் உள்ளே போகுமோ என்ற சந்தேகத்தில் மூடியைத் திறந்து பிடித்தேன். நல்லாகவே விழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மடுவுக்குப் போகிறவர்கள் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். பாம்பு தீண்டாது, விஷம் ஏறாது என்று எங்கள் ஆட்கள் வைத்திருப்பார்கள். நான் அந்தப் பிடியைப் போட வேறு பாத்திரம் தேடாமல் அதே போத்தலுக்குள் போட்டேன். பாம்புக் கடிக்கே கேட்கிற மண் கழுத்துச் சுரப்பிக்குக் கேட்காதா? குலுக்கினேன். ஈரமும் மண்ணும் சேர்ந்து குளிசை எல்லாம் கபில நிறம். இனிமேல் எது இந்தியா, எது இலங்கை என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

எத்தனை போடுவது என்ற கேள்வி வந்தது. அதையும் நானே தீர்த்தேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அங்கே ஒன்று, இங்கே இரண்டு. இப்போது இருப்பது இங்கே. ஆகவே இரண்டு.

முதல் இரண்டு கிழமை நான் ஒரு பொடியன். நாலு மணிக்கே எழும்பி மரம் சீவினேன். "பாத்தீரா, மாதா செய்த வேலையை!" என்று திரேசாவுக்குக் காட்டினேன். மூன்றாம் கிழமை வியர்வை தொடங்கியது. வெயில் என்றேன். மற்ற ஆட்கள் நிழலில் காய்ந்துபோய் இருக்க, நான் மட்டும் தொப்பலாக இருந்தேன். நித்திரை போனது. பசி வந்தது. டவுனில் கடை வாசலில் நின்று வாழைப்பழத் தோல் தின்னும் கழுதைகளை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு போய் நான் வாழைப்பழம் வாங்கித் தின்றேன். அவை என்னை ஒரு மாதிரிப் பார்த்தன. அவ்வளவு தின்றும் சாரம் இடுப்பில் நிற்கவில்லை. நெஞ்சு எந்த நேரமும் யாரோ துரத்துகிற மாதிரி அடித்தது. கை நடுங்கியது.

காரணம்தான் பிடிபடவில்லை. ஒரு நாள் கிணற்றுத் தண்ணியின் உப்பு என்றேன். அடுத்த நாள் மூளைக்காய்ச்சல் என்றேன். பிறகு கண்ணூறு. என்னிடம் கண்ணூறு படும்படி என்ன இருக்கிறது என்று யோசித்து, அதையும் விட்டேன். குளிசையை மட்டும் நினைக்கவேயில்லை. ஆசீர்வதித்த குளிசையைச் சந்தேகப்பட்டால் அதுவே ஒரு பாவம் இல்லையா?

வெள்ளிக்கிழமைச் செபக் கூட்டத்தில்தான் புதுக் குழப்பம் வந்தது. கூட்டத்தை நடத்துகிற லூர்தம்மா அக்கா எல்லாரையும் கை உயர்த்தச் சொன்னா. உயர்த்தினேன். காத்துக்குப் பனையோலை ஆடுகிற மாதிரி என் இரண்டு கையும் ஆடின.

"தம்பி சூசை! ஆவியானவர் உன்னைத் தொடுறார்!" என்றா அக்கா.

பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் எட்டி என் கையைத் தொட்டார்கள். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாளும் கடைசி வரிசையில் நித்திரை தூங்கினவனை இனி முன் வரிசையில் இருத்துவார்கள். வீட்டுக்கு வந்து திரேசாவிடம் சொன்னேன், இது வருத்தமில்லை, அபிஷேகம் என்று.

அவள் என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். "அப்ப ஏன் ஆவியானவர் தேத்தண்ணியச் சிந்துறார்?"

"அப்பா, உங்களுக்கு என்னமோ ஆச்சு. டாக்டர்கிட்ட போயேன்பா" என்றாள் ஜெனிற்றா.

"இதுக்குள்ள நீ வராதை" என்று மகளை அதட்டினேன். பிறகு அதட்டினதற்காக அழுதேன். அதுவும் புதுசு. பத்து நிமிஷத்துக்குள் கோபம், சிரிப்பு, அழுகை மூன்றும் வந்து போகும். எது எப்போது வரும் என்று எனக்கே அறிவித்தல் இல்லை.

வேலை கெட்டது. வீட்டுத் திட்டத்தில் கட்டின ஒரு வீட்டுக்கு நான் வைத்த கதவு நிலை கோணலாகப் போனது. வீட்டுக்காரர் நல்ல மனிசன். "பரவாயில்லை அண்ணை, காத்து வரும்" என்றார். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த நான், உளி கைநழுவிப் பெருவிரலை வெட்டினதும் உளிக்கு அடிக்கிற கொட்டாப்புளியைத் தூக்கி எறிந்தேன். அது திரேசாவின் காதோரமாகப் போய்த் தகரத்தில் பட்டது.

அவள் கொட்டாப்புளியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இருபத்தைஞ்சு வருஷத்தில நீங்கள் என்னில ஒரு ஈர்க்கிலக் கூட எறிஞ்சதில்லை. இந்த மண்ணுக்கு உங்களை வேண்டாமாம். அதுதான் இப்பிடி உலுப்புது. அக்காவுக்குக் கடிதம் எழுதிப்போட்டன். விசாவோ என்னவோ, கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறன். நாங்கள் போறம்."

"ஒரு வருஷம் எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஒரு வருஷத்துக்கு நீங்கள் இருக்க மாட்டியள்."

அன்பானவர்களே, எனக்கு அந்த நேரம் சாவை விடப் பெரிய பயம் அதுதான். இருபது வருஷமாக நான் சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்த ஊர் என்னைத் துப்பிவிட்டதோ? அவளும் பிள்ளையும் திரும்பிப் போய் அந்தப் பத்தடி அறைக்குள் மறுபடி குந்தப் போகிறார்களோ? என்னால்தானே?

மத்தியானம் கோயிலுக்குப் போனேன். ஒருவரும் இல்லை. முழங்காலில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஆண்டவரே, நெஞ்சு வருத்தத்தைக் குணமாக்கும் என்று தொடங்கினேன். நெஞ்சு வருத்தம்தானா? பேயைத் துரத்தும் என்றேன். பேய் இல்லாமல் அபிஷேகமாக இருந்தால் ஆவியானவரையே துரத்தச் சொன்ன மாதிரி ஆகாதா? அபிஷேகத்தைக் கூட்டும் என்றால் உயிரே போய்விடும். மூன்று செபத்தைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டேன். கடைசியில் வாய் தானாகச் சொன்னது: "ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. விளங்கிற ஒராளைக் காட்டும்."

என் ஆயுசில் நான் செய்த புத்தியான செபம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை நெஞ்சு தறிகெட்டு ஓடத் தொடங்கியது. திரேசா ஓட்டோ பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள். நான் அடையாள அட்டையை எடுக்கச் சொன்னேன். அவள் செபமாலையையும் ஜாம் போத்தலையும் எடுத்துப் பையில் போட்டாள். "அது எதுக்கு?" என்றேன். "மாதா கூட வரட்டும்" என்றாள். மருந்து என்று அவள் அதைக் கொண்டுவரவில்லை. பரிசுத்த பொருள் என்றுதான் கொண்டுவந்தாள். இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

அங்கே இருந்தவர் ஓர் இளம் சிங்கள டொக்டர். தமிழைக் கல் அடுக்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைத்தார். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அவர் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன மருந்து போடுறது?"

"கழுத்துக் குளிசை, ஐயா."

"எங்க?"

திரேசா போத்தலை நீட்டினாள். அவர் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து அதில் கொஞ்சம் கொட்டினார். மண் கொட்டுண்டது. பிறகு குளிசை. ஒன்றை எடுத்துப் பஞ்சால் துடைத்தார். இன்னொன்றைத் துடைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். துடைத்தபோது எனக்கே தெரிந்தது, ஒன்றின் எழுத்து மற்றதில் இல்லை.

"இது ஐம்பது. இது நூறு. எத்தினை போடுறது?"

"ரெண்டு, ஐயா."

"எது ரெண்டு?"

"கையில வாற ரெண்டு."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விரலால் மண்ணைத் தொட்டார். "இது என்ன தூள்?"

திரேசா மெல்லச் சொன்னாள். "மடு மண்."

டொக்டரின் முகம் மாறியது. கொட்டின மண்ணைக் கடதாசியோடு மடித்துத் திரும்பப் போத்தலுக்குள் போட்டு, மூடியைப் பூட்டி, மேசையில் நேராக நிமிர்த்தி வைத்தார். அவருடைய அம்மாவும் வருஷா வருஷம் சிலாபத்தில் இருந்து மடுவுக்கு வருகிறவராம்.

"மாதா பிழை இல்ல. மண் பிழை இல்ல. குளிசையும் பிழை இல்ல." விரலை என் பக்கம் நீட்டினார். "நீங்க பிழை."

திரேசா சிரித்தாள். அத்தனை கிழமைக்குப் பிறகு முதல் தரம். எனக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. எது மருந்தால், எது மனதால் என்று பிரிக்க முடியவில்லை.

அவர் விளங்கப்படுத்தினார். என் போத்தலில் நூறுதான் கூட. அதனால் பல நாள் நான் எனக்குத் தேவையானதில் இரட்டிப்பைப் போட்டிருக்கிறேன். அந்தக் குளிசை குறைந்தால் உடம்பு தூங்கும். கூடினால் உடம்பு இப்படித்தான் குதிரை மாதிரி ஓடும். நெஞ்சு, நடுக்கம், வியர்வை, கோபம், மெலிவு எல்லாம் அதுதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நெஞ்சையே பழுதாக்கி இருக்குமாம்.

இரத்தம் எடுத்தார்கள். நான் மாதாவைக் கூப்பிட்டேன், ஊசி சின்னதுதான். ஒரு கிழமைக்குக் கழுத்துக் குளிசையை நிறுத்தச் சொல்லி, நெஞ்சடிப்பைக் குறைக்க வேறொன்று தந்தார். பிறகு ஐம்பதில் இரண்டு மட்டும், புதிதாகத் தந்த உறையில் இருந்து, தினமும் அதே நேரம், வெறும் வயிற்றில், தண்ணியோடு. ஆறு கிழமையில் மறுபடி இரத்தம்.

"இண்டைக்கே நடுக்கம் நிக்குமோ, ஐயா?"

"இல்ல. மெல்ல ஏறினது. மெல்லத்தான் இறங்கும்."

இங்கேதான் என் விசுவாசம் ஒருக்கால் சறுக்கியது. நான் கேட்ட ஆளை ஆண்டவர் காட்டிவிட்டார். காரணமும் விளங்கிவிட்டது. பிறகு ஏன் ஆடுகிறேன்? ஒரு கிழமை போனது, ஆடினேன். இரண்டாம் கிழமையும் ஆடினேன். ஒரு நாள் நல்லாக இருக்கும், அடுத்த நாள் நெஞ்சு படபடக்கும். இடையில் தலையிடி, இடையில் ஒரே சோர்வு. பேசாமல் அந்த ஐம்பதையும் விட்டால் என்ன என்று நினைத்தேன். திரேசா உறையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, காலையில் இரண்டை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டின பிறகுதான் அடுப்படிக்குப் போனாள்.

"ஆறு கிழமை" என்றாள். "டொக்டர் சொன்னது ஆறு கிழமை. அக்கா வரச்சொல்லி எழுதியிருக்கிறா, அதுவரைக்கும் பதில் போட மாட்டன். அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை."

மிஞ்சின ஆசீர்வாதக் குளிசையை என்ன செய்வது என்று பங்குப் பாதரிடம் கேட்டேன். முழுக் கதையையும் கேட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். "மண்ணை மண்ணில போடு. குளிசையை ஆஸ்பத்திரியில திருப்பிக் குடு. மாதா கோவிக்க மாட்டா" என்றார். அப்படியே செய்தேன்.

லூர்தம்மா அக்காவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். எனக்கு இறங்கினது ஆவியானவர் இல்லை, நூறு மில்லியோ மைக்ரோவோ ஏதோ ஒன்று என்று. அக்கா, "அப்ப திரும்பக் கடைசி வரிசைக்குப் போ" என்றா. போனேன். அங்கே காத்து நல்லது.

நாலாம் கிழமை ஒரு காலை, உளியைப் பிடித்தேன். கை அசையவில்லை. நான் அதைப் பார்த்தபடியே கனநேரம் நின்றேன். ஜெனிற்றா வந்து, "என்னப்பா, உளிய மொறச்சுப் பாக்குற?" என்று கேட்டாள். அன்றைக்கே போய் அந்தக் கோணல் நிலையைக் கழற்றி நேராக வைத்துக் கொடுத்தேன். ஆறாம் கிழமை இரத்தப் பரிசோதனைத் துண்டு வந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான்.

சிலர் என்னைக் கேட்கிறார்கள், இதில் புதுமை, அற்புதம் எங்கே சூசை, உன் மடைத்தனத்தை ஒரு டொக்டர் கண்டுபிடித்தார், அதற்கு ஏன் சாட்சி என்று. நியாயமான கேள்விதான். நானும் யோசித்தேன். விளங்கிற ஒராளைக் காட்டும் என்று மத்தியானம் கேட்டேன். விடிய அந்த டொக்டருக்கு முன்னால் படுத்திருந்தேன். நானாகப் போயிருந்தால் போத்தலைக் கொண்டுபோயிருக்க மாட்டேன், நெஞ்சு வருத்தம் என்று மட்டும் சொல்லியிருப்பேன். என் மனிசியின் பக்தி அந்தப் போத்தலைப் பைக்குள் வைத்தது. ஒரே போத்தல்தான் என்னை விழுத்தினதும் எழுப்பினதும். இதைக் கணக்குப் பண்ண எனக்குத் தெரியாது. முழங்காலில் நிற்க மட்டும் தெரியும். ஒவ்வொரு காலையும் இரண்டு குளிசையைக் கையில் வைத்துச் சிலுவை போடுகிறேன். பிறகு உறையில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன். இரண்டும் செபம்தான்.

ஆகவே என் சகோதரங்களே, விளங்காத நேரம் "விளங்கேல்லை" என்று ஆண்டவரிடம் சொல்ல வெட்கப்படாதேங்கோ. வீரமான செபம் வேண்டாம், உள்ளபடி சொல்லுங்கோ. கேட்பார். ஆனால் அவர் ஆளை அனுப்பினால், அந்த ஆள் சொல்வதையும் கேளுங்கோ. மருந்தை மாற்றினால் பழசையும் புதுசையும் கலக்காதேங்கோ. உடம்பு வித்தியாசம் காட்டினால் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், போய்க் கேளுங்கோ. கையில் நடுக்கம் வந்தால் ஸ்தோத்திரம் சொல்லுங்கோ, சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

துண்டு கிடைத்த அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதல் மழை பெய்து விட்டிருந்தது. திரேசா வீட்டுக்குப் பின்னால் ஈர மண்ணைக் கையால் கிளறி மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். நான் அவளுக்குக் கிட்டப் போய் நின்றேன். நெஞ்சு கொஞ்சம் வேகமாகத்தான் அடித்தது, அது குளிசையால் இல்லை.

"இஞ்சேரும். சரியாம். இரத்தம் சரியாம். அப்ப... அக்காவுக்கு என்ன எழுதப் போறீர்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மிதிக்காதேங்கோ, பயித்தங்கொட்டை போட்டிருக்கு."